நேரம் பார்ப்பவள்

அந்த அறைக்குள் நான் இல்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வெளியே பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். அதனால் ஏதாவது முன்னே பின்னே இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்த்ததைப் பார்த்தது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். புள்ளியியல் படித்தவள், அந்தப் பழக்கம் போகாது.

சாத்தூரில் பஸ் ஏறியதும் என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, "இன்டர்வியூவாம்மா?" என்று கேட்டீர்கள். ஆமாம். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி. "முந்தி பாத்த வேலைய ஏன் விட்ட?" என்றும் கேட்டீர்கள். அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள். பணிச்சுமை குறைந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள், அதனால் பொய் ஆகாது. ஆனாலும் சொல்லும்போது குரல் நடுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். தூக்கம் வந்தால் தூங்குங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் துறையில் ஐந்து பேர். நான்கு பேர் நிரந்தரம். நான் மட்டும் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் ஆர்டர் வருமா வராதா என்று பார்த்திருக்கிற ஆள். போன வருஷம், கல்லூரிக்குத் தரம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். உடனே துறைத் தலைவர் தனுஷ்கோடி சார் கூட்டம் போட்டார்.

"இனிமே நாம பாடம் நடத்தக் கூடாதாம்" என்றார் சார். "பிள்ளைங்க கையில ஒரு பிரச்சனையக் குடுத்து, குரூப் குரூப்பா உக்கார வச்சிட்டா, விடைய அவங்களே தேடிக்குவாங்களாம்."

"அப்ப நாம என்ன சார் செய்யணும்?" என்று ராஜகனி மேடம் கேட்டார்.

"கூட இருக்கணும்."

"அது இப்பவே செஞ்சிட்டுத்தான சார் இருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது நான்கு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலுத்தாய், நீ சின்னப் பொண்ணு. இந்தப் புதுசெல்லாம் உனக்குத்தான் வரும். நீ எடுத்து நடத்தும்மா, நாங்க கூட இருக்கோம்" என்றார் சார்.

கூட இருந்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். டீ வரும்போதெல்லாம் இருந்தார்கள்.

ஆனால் அக்கா, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் படித்தபோதும் குழு வேலை என்று ஒன்று இருந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து டைப் அடித்தது நான். மேடையில் பேசியது இங்கிலீஷ் மீடியத்துப் பெண் ஒருத்தி. நான் அவள் பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பெயர் சொல்லும்போது தன் பெயரைச் சொன்னாள், இன்னொருத்தி பெயரைச் சொன்னாள், அப்புறம் ‘அண்ட் அதர்ஸ்’ என்றாள். அதர்ஸ் நான்தான். என் வகுப்பில் அப்படி யாரும் ‘அதர்ஸ்’ ஆகக் கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தேன். ஒருவர் தலைவர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் மேடையில் பேசுபவர், ஒருவர் நேரம் பார்ப்பவர். வாராவாரம் மாற்றிக்கொள்ள வேண்டும். யோசித்துத்தான் செய்தேன்.

பிரச்சனையும் நானே யோசித்ததுதான். எங்கள் கல்லூரிக்குக் காலையில் இரண்டு டவுன் பஸ் வரும். முதலில் வருவதில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவார்கள். அதன் வாலைப் பிடித்த மாதிரி இன்னொன்று வரும், காலியாக. தினமும் இப்படித்தான். ஏன்? இதுதான் கேள்வி. புத்தகத்தில் விடை கிடையாது. நிறுத்தத்தில் நின்று எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"மேம், பின்னாடி பஸ் டிரைவர் மூஞ்சி சரியில்ல மேம். அதான் ஒருத்தரும் ஏறல" என்றான் ஒரு பையன்.

"சரி. அதையும் எண்ணிட்டு வா" என்றேன்.

சொல்வதற்கு லேசாக இருக்கிறது. நடத்திப் பார்த்தால்தான் தெரியும். தினமும் என் மேசைக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து. "மேடம், எல்லாருக்கும் ஒரே மார்க்குன்னா நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?" "மேம், ஸ்டாப்புல நான் மட்டும்தான் நின்னேன். ஒரு ஆச்சி என்னை கண்டக்டர்னு நெனச்சு டிக்கெட் கேக்குது." "அவன் எங்க குரூப்பே இல்ல மேம், போட்டோவுல மட்டும் வருவான்." அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனால் ராஜகனி மேடம், "பிள்ளைங்களே பேசிக்கிட்டா நமக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்பார். எனக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்கே தெரியாதபடிதான் என் சம்பளம் இருந்தது.

பாண்டிமீனா என்று ஒரு பிள்ளை. அவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள். வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள். நான் இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வாள். அந்த வயதில் இருந்த என்னையே பார்த்த மாதிரி இருக்கும். நான்காவது குழுவில் அவளைப் போட்டேன். நவநீதன் என்று நன்றாகப் பேசுகிற பையனும் குறிப்பெடுக்க ஜெசிந்தாவும் அதில் இருந்தார்கள். பாண்டிமீனாவை நேரம் பார்க்கச் சொன்னேன். ஒரு குழு பேச வந்தால் பத்து நிமிடம். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பேச வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு எது பயம் என்று எனக்குத் தெரியும் அக்கா. வேறு யாராவது இருந்தால் மேடையில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

"சத்தம் போட்டு நிறுத்தச் சொல்ல உனக்கு வராது. அடிக்கிற மாதிரி ஏதாவது கொண்டு வா" என்றேன்.

மறுநாள் ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்தாள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்குமே, அந்த சைக்கிளில் இருந்து கழற்றியது.

"அப்ப சைக்கிளுக்கு?"

"வாயால சொல்லிக்கிறேன் மேடம்" என்றாள்.

அவள் வாயால் பேசி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. வகுப்பே சிரித்தது.

அன்றைக்கே ஒரு விதி சொன்னேன். மணி அடித்தால் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்த வேண்டும். நானாக இருந்தாலும். இதைச் சொன்னது நான்தான், மறைக்கவில்லை. ஒரு நாள் நான் மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது ட்ரிங் என்று அடித்துவிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். "இப்படித்தான் இருக்கணும்" என்று அவளைப் பாராட்டினேன். அவள் மணியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவளை மாற்றவே இல்லை. மற்றவர்கள் பொறுப்பு வாராவாரம் மாறியது. இவள் நன்றாகச் செய்கிறாள், அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? ஒரு தடவை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றாள்.

"மேடம், இந்த வாரம் நான் பேசட்டுமா? பஸ்ஸு ஏன் காலியா வருதுன்னு சொல்றதுக்கு."

"தரம் பாக்க வர்றவங்க முன்னாடி பேச நவநீதன் பழகிட்டான்லம்மா. அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நீதான்" என்றேன்.

"சரி மேடம்" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கேட்க வேண்டுமே என்று கேட்டிருப்பாள், பாவம்.

விடையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் பஸ் ஒரு நிறுத்தத்தில் கொஞ்சம் தாமதமானால் போதும், அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அவர்களை எல்லாம் ஏற்றினால் இன்னும் தாமதம், அடுத்ததில் இன்னும் கூட்டம். பின்னால் வருவதற்கு ஆளே மிச்சம் இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். சுமை கூடக் கூடச் சுமை மேலும் கூடுமாம். ஜெசிந்தா அதைப் படம் போட்டுக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான், வேறொன்றும் இல்லை.

தரம் பார்க்கும் குழு வருகிற நாளும் வந்தது. நான்காவது குழு செமினார் ஹாலில் பேசுவதாக முடிவானது. நான் ஒரு காட்டன் புடவை எடுத்து வைத்திருந்தேன். இந்த முறையை ஏன் எடுத்தோம், எப்படிச் செய்தோம் என்று இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். காலையில் தனுஷ்கோடி சாரிடம் போய், "சார், முதல்ல ரெண்டு வார்த்தை நான் பேசிறட்டுமா?" என்று கேட்டேன்.

சார் என் புடவையைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா பாரு, குழுத் தலைவிக்குச் சர்க்கரை வியாதியாம். டீ ஊத்துற ஆளை நம்ப முடியாது, சீனியைப் போட்டுருவான். உன்னை விட்டா யாரும்மா பொறுப்பாச் செய்வா? இந்த ஒரு தடவை நான் பாத்துக்கறேன், அடுத்த தடவை நீதான்."

அடுத்த தடவை என்பது ஐந்து வருஷம் கழித்து அக்கா. அந்தக் குழு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும்.

அதனால்தான் நான் வெளியே நின்றேன். ஏசி போட்டிருந்ததால் கதவைச் சாத்திவிட்டார்கள். சீனி போடாத டீ ஒரு பிளாஸ்க், போட்டது ஒரு பிளாஸ்க். ஒரு தட்டில் முந்திரி பிஸ்கட். உள்ளே நவநீதன் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அப்புறம் சார் குரல். அப்புறம் ட்ரிங். சார் குரல் திரும்பக் கேட்டது. மறுபடியும் ட்ரிங். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம், நிறையப் பேர் சேர்ந்து சிரித்த சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

இதுவரை நான் காதால் கேட்டது. மற்றது சார் சொன்னது.

பிள்ளைகள் நன்றாகப் பேசி முடித்தார்களாம். சார் எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தாராம். உடனே இவள் மணியை அடித்திருக்கிறாள். சார் சிரித்துக்கொண்டே, "எங்க பிள்ளைங்க ரொம்பக் கறார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்திருக்கிறார். மறுபடியும் அடித்திருக்கிறாள். அடித்துவிட்டு எழுந்து நின்று, "சார், நேரம் முடிஞ்சிருச்சு" என்றாளாம். குழுத் தலைவி பெங்களூருவிலிருந்து வந்த அம்மா, தமிழ் தெரிந்தவர். "டைம் கீப்பர் சொல்லிட்டாங்களே, உட்காருங்க சார்" என்று சொல்லவும் ஹாலே சிரித்திருக்கிறது. சார் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸும்மா. ஒரு சைக்கிள் மணியை வச்சு என்னை உக்கார வச்சிட்ட" என்றார்.

"நான் இல்ல சார்."

"நீ சொல்லிக்குடுக்காமலா அது அடிச்சுது?"

சொல்லிக்கொடுத்தது நான்தானே. யாராக இருந்தாலும் என்று நான்தானே சொன்னேன்.

மறுநாள் பாண்டிமீனாவைக் கூப்பிட்டேன். "ஏம்மா அடிச்ச?" என்றேன்.

"நேரம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள்.

"முடிஞ்சா என்ன? பேசறது யாரு, எங்க பேசறாங்கன்னு பாக்க வேண்டாமா? விதின்னா விதிதான், அதுக்காகக் கொஞ்சமாவது யோசிக்கக் கூடாதா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "சரி மேடம்" என்றாள். மணியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வகுப்பிலிருந்து வேறு ஒரு பையனை நேரம் பார்க்கப் போட்டேன். அவளுக்குப் பேச வாய்ப்புக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வருஷம் முடிந்துவிட்டது.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சார் நடுவில், இரண்டு பக்கமும் நான்காவது குழு, பின்னால் அந்த பஸ் படம். என் முகம் எங்கே என்று தேடாதீர்கள் அக்கா, அதில் இல்லை. ஜூனில் ஆர்டரும் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்குப் பணிச்சுமை குறைவு என்றார்கள். ராஜகனி மேடம் மட்டும் கேட் வரை கூட வந்தார். "நீ கஷ்டப்பட்டது எங்க எல்லாருக்கும் தெரியும்மா" என்றார். எல்லாருக்கும் தெரியுமாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஹாலில் எத்தனை பேர் இருந்தார்கள்! என் துறைக்காரர்கள், நான் நடத்திய பிள்ளைகள், பேச்சில் கெட்டிக்காரன் நவநீதன். இதைச் செய்தது வேலுத்தாய் என்று ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? எனக்காக அங்கே ஒரு சத்தம்கூட எழும்பவில்லை.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் அப்படித்தான். கடிகாரம் மாதிரி. முள் அங்கே வந்தால் கை மணிக்குப் போகும். உள்ளே என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்றெல்லாம் அவளுக்கு எட்டியிருக்காது. சார் அங்கே இங்கிலீஷில் வேறு பேசியிருக்கிறார்.

கயத்தாறு தாண்டிவிட்டதா? சேவு வேண்டாம் அக்கா, தொண்டை காய்ந்துவிடும். இன்றைக்கு ஒரு வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். குழுவாகப் பிரித்து நடத்தலாமா, கரும்பலகையிலேயே நடத்திவிடலாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. மணியா? இதோ, என் பையில்தான் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பேன், மறந்துவிடும். அடித்துக் காட்டவா? வேண்டாம், கண்டக்டர் வண்டியை நிறுத்திவிடுவார்.

ஒன்று விட்டுவிட்டேன். போன வாரம் ஜெசிந்தா போன் செய்தாள், இன்டர்வியூவுக்கு வாழ்த்துச் சொல்ல. பேச்சோடு பேச்சாக, "மேம், அன்னிக்கு மீனா முன்னாடியே அடிச்சிட்டா மேம்" என்றாள்.

"முன்னாடின்னா?"

"டைம் முடியறதுக்கு முன்னாடி. நீங்க யாருக்கும் சொல்லிறாதீங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பிள்ளை ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பாக அடித்ததில்லை. ஒரே ஆள் சொன்னதை வைத்து நான் முடிவுக்கு வருவதும் இல்லை. பெரிய ஆட்களைப் பார்த்த நடுக்கத்தில் முள்ளைத் தப்பாகப் பார்த்திருப்பாளோ என்று தோன்றியது. ஜெசிந்தா சொன்னதைச் சொல்லாமல் நவநீதனிடம் தனியாகக் கேட்டேன். அவனுக்கு அன்றைக்கு மணி என்றால் பயமாம். அதனால் தன் போனில் டைமரை ஓடவிட்டு மேடையில் முன்னாலேயே வைத்திருந்தானாம். அவளும் அதைப் பார்க்கிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தாளாம். பயத்திலேயே வேகமாகப் பேசி முடித்துவிட்டான். சார் எழுந்து, "ஐ பர்சனலி டிசைன்ட் திஸ்", இதை நானே யோசித்து அமைத்தேன் என்று ஆரம்பித்தாராம். அங்கே முதல் மணி. சார் சிரித்துச் சமாளித்துவிட்டு, "ஐ சாட் வித் ஈச் குரூப்", ஒவ்வொரு குழுவோடும் நானே உட்கார்ந்தேன் என்றாராம். அங்கே இரண்டாவது மணி. அடிக்கும்போது அவள் டைமரைப் பார்க்கவில்லை, சார் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றான்.

"டைமர்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் சொன்னதும் ஜெசிந்தா சொன்னதோடு ஒத்துப்போனது. பத்து நிமிடத்தில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது.